உள்நாட்டுக் கம்பி

தேநீர் நேரத்தில்தான் முதல் ஸ்பிரிங் தெறித்தது. பேக்கிங் அறையில் அப்போது யாரும் இல்லை. பரிசோதனைப் பலகையில் இழுத்து மாட்டியிருந்தவற்றில் ஒன்று, யார் கையும் படாமல், 'டக்'கென்று இரண்டாகி எதிர்ச் சுவரில் போய் அடித்தது. வராந்தாவில் டம்ளரும் கையுமாக நின்றவர்கள் எலி என்று நினைத்தார்கள். எலிக்கும் டீ வேணுமாம் என்று யாரோ கேலிகூடச் செய்தார்கள். அடுத்தது தெறித்தபோது கேலி நின்றது. அதற்கும் அடுத்ததற்கு ஸ்பிரிங்கம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஸ்பிரிங்கம்மா என்பது தெரு வைத்த பெயர். பட்டறைக்கு முதலாளி அவள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே கம்பி சுருட்டும் இயந்திரம் ஓட்டுகிற வேலை. முதலாளிக்குப் புருஷன் என்பது கூடுதல் பொறுப்பு, அதற்குச் சம்பளம் கிடையாது என்று அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே முலாம் புதுப் பாத்திரம்போலப் பளபளத்தது. உடைந்த முகம் மட்டும் சாம்பல் பூத்து, பொரபொரவென்று இருந்தது. நல்ல கம்பி அப்படிப் போகாது. போவதற்கு முன்னால் கொஞ்சம் வளையும், நெளியும், நமக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போகும்.

"காலையில போன லாரி இப்ப எங்க இருக்கும்?" என்றாள்.

"ராத்திரிக்குள்ள போய்ச் சேந்துரும். நாளைக்குக் காலை ஷிப்டுல மாட்ட ஆரம்பிச்சிருவாங்க," என்றார் வீட்டுக்காரர்.

"பலகையில ஒரு நாள் தொங்கட்டும், அப்புறம் அனுப்பலாம்னு சொன்னேனா இல்லையா?"

"நீ சொன்னே. லாரிக்காரன் வாசல்ல நின்னுக்கிட்டு ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். பாதிப் பெட்டிய ஏத்தி விட்டேன். இத்தன வருஷத்துல இந்தப் பலகையில ஒண்ணாவது தெறிச்சிருக்கா? நீயே சொல்லு."

தெறித்ததில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பலகைமேல் அலட்சியம் வந்திருந்தது.

அந்த ஸ்பிரிங் ராணுவ லாரியின் பிரேக்குக்குள் உட்காருவது. ஓட்டுநர் காலை எடுத்ததும் பிரேக் கட்டையைச் சக்கரத்திலிருந்து பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அது உடைந்தால் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடாது. சமவெளியில் என்றால் டயர் தேயும், புகை வரும். இறக்கத்தில், வளைவில், பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஸ்பிரிங்கம்மா ராணுவ லாரி செய்கிற கம்பெனிக்குப் போன் அடித்தாள். அலுவலகம் மூடியாகிவிட்டது என்றும், தரம் பார்க்கிற அதிகாரி காலையில் ஷிப்ட் தொடங்கும் முன்னால் வந்துவிடுவார் என்றும் காவலாளி சொன்னார். பெட்டிகளைப் பற்றிச் சொன்னால் அவருக்கு என்ன தெரியும் பாவம், "சரிம்மா, சரிம்மா" என்றார்.

வீட்டுக்காரர் தரையில் கிடந்த கம்பிச் சுருளைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "எல்லாம் இதால வந்த வினை. உன் தம்பி மில்லுக் கம்பி."

அவள் சுருளைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பதில் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று தெரியும். அந்த வீட்டில் இந்தப் பேச்சு நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

பட்டறைக்குப் பின்சுவரை ஒட்டியிருப்பது, தடித்த கம்பியை மெல்லிசாக்கும் கம்பி இழுக்கும் மில். தம்பிக்கு வேலை அங்கேதான். வெளிநாட்டுக் கம்பி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில் மில் கதவை இழுத்து மூடினார்கள். தம்பி பெண்டாட்டியோடு அக்கா வீட்டு மாடிக்கு வந்தான். வேலையில்லாத மனிதன் வீட்டில் என்ன செய்வான்? எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டான். போட்டு முடித்ததும் முதல் கதவிலிருந்து மறுபடி தொடங்கினான். அவன் பெண்டாட்டி கீழே வந்து பேக்கிங்கில் உட்கார்ந்தாள். அதே வெளிநாட்டுக் கம்பியில்தான் அக்காவின் பட்டறை செழித்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பிக்கு இறக்குமதி வரியைத் தூக்கிப் போட்டது. நாளைக்குச் சண்டை என்று வந்தால் கம்பிக்கு அடுத்தவன் வாசலில் போய் நிற்க முடியுமா என்று அமைச்சர் டிவியில் கேட்டார். மில் திறந்தது. தம்பி பழைய பூட்ஸைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனான். கீழே பட்டறையில் கம்பி விலை கேட்டு வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். ஒரே வரி ஒரே வீட்டில் மாடியில் விளக்கை ஏற்றிக் கீழே அணைத்தது. பிறகு ராணுவ லாரி வேலை வந்து கொஞ்சம் மூச்சு விட்டார்கள். உள்நாட்டுக் கம்பியில்தான் செய்ய வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. முதல் சுருளைத் தம்பியே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். "நான் இழுத்ததுக்கா" என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விஷயம் எப்படித்தான் காற்றில் போகுமோ, இருட்டும் முன்னே சங்கத் தலைவர் வந்துவிட்டார். ஸ்பிரிங் பட்டறைக்காரர்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். நல்ல மனிதர்தான். எந்த அறைக்குள் வந்தாலும் மேடையில் ஏறியதாக நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

"எங்க தங்கச்சி அது? காட்டு." துண்டை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். "இதத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். நாளைக்குத் தலைநகரத்துல விசாரணை, தெரியும்ல? வரி இருக்கணுமா போகணுமான்னு கேக்குறாங்க. நாம என்ன சொன்னாலும், லாபம் குறையுது அதான் கத்துறீங்கன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. இத மேசையில வச்சா? நாட்டுப் பாதுகாப்புக்குன்னு போட்ட வரி, ராணுவ லாரி பிரேக்கையே உடைக்குது! அதுக்கப்புறம் எவன் வாயத் திறப்பான்?"

"லாரி கம்பெனிக்கு முதல்ல சொல்லணும்ணே. பெட்டி போயிருச்சு."

"தாராளமாச் சொல்லு. கம்பி சரியில்லன்னு சொல்லு. உன் பட்டறைக்கு ஒரு கீறல் விழாது. கம்பி கோளாறுன்னா நீ என்ன பண்ணுவே? வரி போயிட்டா பழைய கம்பி, பழைய விலை, ராணுவ வேலையும் உன்கிட்டயே இருக்கும். காலையில கார் கொண்டுட்டு வர்றேன். நீயே வந்து உன் வாயால சொல்லணும்."

"மில்லு மூடிருவாங்களே."

தலைவர் பின்சுவரை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் தெரியும், அந்தப் பக்கம் யார் வேலை செய்கிறார் என்று. "வருத்தமாத்தான் இருக்கு," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் போலிருந்தது. ஆனால் துண்டைத் திருப்பித் தரும்போது நாளைக்கு மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்.

தம்பி வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டுகளுக்கு நடுவே உடைந்த துண்டுகள் இருந்தன. வீட்டுக்காரர்தான் கொண்டு வந்து வைத்திருந்தார்.

"பாரு மாப்ள. உங்க மில்லு சீதனம்."

"என்னங்க, அவன் சாப்பிடட்டும்," என்றாள் ஸ்பிரிங்கம்மா.

"சாப்பிடட்டும். நானா வேணாம்ங்கிறேன்? நாளைக்குச் சோத்துக்கு என்ன வழின்னும் சேத்து யோசிக்கட்டும்."

தம்பி உட்காரவில்லை. ஒரு துண்டை எடுத்து விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த விரல். அந்த விரலால் உடைந்த முகத்தைத் தடவினான்.

"பிளேட்டிங் முடிஞ்சு சூடு காட்டினீங்களா மாமா?"

அது முக்கியமான கேள்வி. முலாம் தொட்டியில் குளிக்கும்போது கம்பிக்குள் வாயு இறங்கிவிடும். அன்றைக்கே சூட்டுப் பெட்டியில் வைத்து நல்ல சூட்டில் சில மணி நேரம் வாட்டி எடுத்தால்தான் அது வெளியேறும். வாட்டாவிட்டால் மேலுக்கு மினுக்கிக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்கிப் போய்க் கிடக்கும். வெளிநாட்டுக் கம்பி கொஞ்சம் மெத்தென்று இருந்ததால் அதை வாட்டாமல் விட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் பட்டறையின் சூட்டுப் பெட்டிக்கு வேறு வேலை வந்துவிட்டது. எல்லோரும் மதியச் சாப்பாட்டை அதில்தான் வைப்பார்கள். சூட்டுக் குமிழில் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்குச் 'சாப்பாட்டுச் சூடு' என்று பெயர். அங்கே நிறுத்தினால் சோறு பதமாக இருக்கும். தம்பி மில்லுக் கம்பி கெட்டியான கம்பி, கட்டாயம் வாட்ட வேண்டும் என்று அவனே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"என்ன கேள்வி கேக்குறே?" வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "நேத்து மத்தியானம் ஸ்பிரிங் தட்ட நானே உள்ள வச்சேன், குமிழ நானே முழுசாத் திருப்பினேன், சாயங்காலம் நானே எடுத்தேன். என்மேல திருப்பாத."

"திருப்பல மாமா. கேட்டேன்."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்ப கம்பிதான். மில்லு திறந்த முதல் வாரம், ஆர்டர் நெருக்குதுன்னு வேகத்தக் கூட்டி இழுத்தோம். நான்தான் இழுத்தேன். அப்பவே மனசு உறுத்துச்சு. கம்பி சூடாயி உள்ள கெட்டிருக்கும்."

அவன் பெண்டாட்டி அடுக்களையிலிருந்து உருளைக்கிழங்குப் பொரியலை எடுத்து வந்தாள். டப்பாவின்மேல் ஒரு தட்டை வைத்து மூடியிருந்தது.

"இதுக்கு மூடி எங்க?" என்றார் வீட்டுக்காரர், பேச்சை மாற்ற ஏதாவது கிடைத்ததே என்று.

"நேத்து உருகிருச்சுண்ணா. சூட்டுப் பெட்டியில என் டப்பா இருந்தத நீங்க பாக்கல போல. நல்லவேளை, நாத்தம் வந்ததும் அண்ணி ஓடி வந்து குமிழக் குறைச்சாங்க. இல்லன்னா சோறும் போயிருக்கும்."

ஸ்பிரிங்கம்மா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். ஓடிப்போய்க் குமிழைச் சாப்பாட்டுக் கோட்டுக்குத் திருப்பியது. டப்பாக்களை வெளியே எடுத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது. அப்புறம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், அவள் போனாள், போனவள் போனவள்தான். ராணுவ லாரியின் ஸ்பிரிங் சாயங்காலம்வரை சோறு சூடாகிற சூட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

மேசையில் வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை. தம்பி பெண்டாட்டி பொரியல் பரிமாறிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மச்சானின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தான் அதிகம் பேசிவிட்டோமோ என்று.

"அக்கா," என்றான் தம்பி. "நாளைக்கு அந்தத் தலைவரோட போ. கம்பி கெட்டதுன்னு உள்ளதச் சொல்லு. நானும் காலையிலயே மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். வேலை போனா போகட்டும். எவனோ ஒரு டிரைவர் பள்ளத்துல விழறதுக்கு இது பரவாயில்ல."

அவன் பெண்டாட்டியின் கரண்டி அப்படியே நின்றது. "மறுபடி வேலைக்குப் போயி எத்தன மாசம்தான் ஆச்சு?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அந்த நேரத்தில் ஸ்பிரிங்கம்மா வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கூடவே மற்றவையும் வந்தன. தப்பு பட்டறையில் என்று தெரிந்தால் லாரி கம்பெனி அவள் பெயரை அடித்துவிடும். ஒரு தரம் அடித்தால் திரும்ப எழுத மாட்டார்கள். பேக்கிங்கில் உட்காரும் பெண்கள், வீட்டுக்காரர் கட்டிக்கொண்டு அழுகிற இயந்திரம், இந்த வீடு, இந்த மேசை, எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அவனோ தானாகவே முன்வந்து தலையைக் கொடுக்கிறான். அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, "சாப்பிடு, ஆறுது," என்றாள். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

பூட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே போனாள். ஒருவேளை கம்பியும் கெட்டதாக இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. முலாம் பூசாமல் மீந்திருந்த ஸ்பிரிங்குகளைப் பலகையில் ஒரு வரிசை மாட்டினாள். பக்கத்திலேயே முலாம் பூசியவற்றில் ஒரு வரிசை. கெட்டதாக இருக்கட்டும், கெட்டதாக இருக்கட்டும் என்று தம்பியின் கம்பியைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள். அப்படி ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்றே என்று அழுகை வந்தது.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். முலாம் பூசிய வரிசையில் கொக்கிகளில் மொட்டைத் துண்டுகள் தொங்கின, மீதி தரையில் கிடந்தன. முலாம் பூசாதது ஒன்றுகூட உடையவில்லை. தம்பி இழுத்த கம்பி இழுத்த இழுப்புக்கு நின்றது.

தலைவர் சொன்னபடி காரோடு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. வீட்டுக்காரரும் குளித்துத் தயாராகப் பட்டறை அலுவலகத்தில் நின்றார். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து தம்பி பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அவன் பெண்டாட்டி மேலே நின்றாள், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே இறங்காமல்.

"போன் போட்டுச் சொல்லிட்டு ஏறு தங்கச்சி, வழியில கூட்டம்," என்றார் தலைவர்.

அவள் போன் போட்டாள். லாரி கம்பெனி அதிகாரி எடுத்தார். பாதிப் பெட்டி போயிருக்கிறது, ஒன்றையும் மாட்ட வேண்டாம், பலகையில் உடைகிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ பெட்டிகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வது கேட்டது. இன்னும் மாட்டத் தொடங்கவில்லையாம். அவளுக்கு உயிர் வந்தது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காரணம் தெரிஞ்சுதாம்மா? கம்பியா?" என்றார். "ஏன் கேக்குறேன்னா, அதே மில்லுக் கம்பியில செஞ்சது இன்னும் மூணு பட்டறையோடது இங்க இருக்கு. கம்பின்னா எல்லாத்தையும் நிறுத்தணும். மில்லுக்கும் இப்பவே அவசரமா எழுதணும். சொல்லுங்க, கம்பிதானே?"

தலைவர் தலையை ஆட்டினார், ஆமாம் சொல் என்று. வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். தம்பி நாடாவைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. சொல்லிவிடு அக்கா, எனக்கு நேரமாகிறது என்பதுபோல இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கம்பி இல்ல சார்," என்றாள். "கம்பி நல்ல கம்பி. பிளேட்டிங் முடிஞ்சு நாங்க வாட்டல. பெட்டியில வச்சோம், ஆனா சூடு குறைவா இருந்துச்சு. நான்தான் குறைச்சேன். திருப்பி ஏத்த மறந்துட்டேன்."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க சொன்னதாவே எழுதலாமா?"

"என் பேரப் போட்டே எழுதுங்க சார்."

"பட்டறையத் தகுதிப் பட்டியல்ல இருந்து எடுக்க வேண்டி வரும்மா. எனக்கு வேற வழி இல்ல."

"தெரியும் சார்."

போனை வைத்தாள். தலைவர்தான் முதலில் பேசினார். "உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டே. உன் தலையில மட்டும் இல்ல, எங்க எல்லார் தலையிலயும்." அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வரி ஏறியதில் அவர் பட்டறையில் பாதி இயந்திரம் துணி போர்த்திக் கிடந்தது. மேசையில் இருந்த உடைந்த துண்டுகளை ஒரு கணம் பார்த்தார், எடுக்கலாமா என்று. ஸ்பிரிங்கம்மா அவற்றை வாரிப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டாள். அவர் காரை நோக்கி நடந்தார்.

"ஒரு மூடிக்காகவா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. "ஒரு பிளாஸ்டிக் மூடிக்காகவா எல்லாம் போச்சு?"

"என் மூடியாலயா அண்ணி?" மேலே நின்றவள் பதறினாள்.

"உன்னால இல்லம்மா. என் கையால."

தம்பி எழுந்து நின்றான். முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது. வந்தது போய்விட்டது. அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"நேத்து மேசையிலயே தெரியுமாக்கா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. காலையில்தான் தெரிந்தது என்றால் நம்பிவிடுவான். அவன் அப்படிப்பட்டவன்.

"தெரியும்," என்றாள்.

"நான் தலையக் குடுக்குறேன்னு சொல்லும்போதும்?"

"ம்."

"ராத்திரி பூரா இவ அழுதா. நான் அந்த முதல் வாரத்தையே நெனச்சு நெனச்சு, எந்தச் சுருள், எந்தச் சுருள்னு..." அவன் படியேறிப் போய்ப் பெண்டாட்டி கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கி வெளியே போனான். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. எல்லாக் கதவுக்கும் அவன் எண்ணெய் போட்டிருந்தான்.

ஸ்பிரிங்கம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறை போனது ஒரு பக்கம். அது போகும் என்று தெரிந்துதான் வாயைத் திறந்தாள். இது போகும் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்வான் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பியிருந்திருக்கிறாள். அசட்டுத்தனம்.

மில் சங்கு ஊதியது. அவன் உள்ளே போயிருப்பான் என்று நினைத்தபோது கதவு மறுபடி திறந்தது. உள்ளே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, அவளைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னான்.

"பெட்டியெல்லாம் சாயங்காலம் திரும்பி வரும். நீங்க ரெண்டு பேரும் இறக்க முடியாது. ஷிப்ட் முடிஞ்சு வர்றேன்."

"வா மாப்ள," என்றார் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது.

"இறக்கி வைக்கத்தான் வர்றேன். அக்காகிட்ட பேச வரல," என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு ஓடினான்.